பாதத்தருகே குனியும் தலைமை

நீரிழிவு நோய்க்காக வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம், "செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை இந்த முக்காலியின் மேல் வையுங்கள்" என்று கூறினால், பெரும்பாலோர் தயங்குகின்றனர். இரத்தப் பரிசோதனைக்குக் கையை உடனே நீட்டியவர்கள், கால் என்றதும் பின்வாங்குகின்றனர். "வேண்டாம் டாக்டர், கால் அழுக்காயிருக்கிறது" என்பார் ஒருவர். "நீங்கள் போய் என் காலைத் தொடுவதா?" என்பார் மற்றொருவர். வயதில் மூத்த தாய்மார் சிலர், மருத்துவரின் கை தம் பாதத்தில் பட்டவுடன் அந்தக் கையைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்கின்றனர்.

இந்தத் தயக்கம் மரியாதையிலிருந்து பிறப்பது. ஆயினும் இதற்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நெடுநாள் நீரிழிவினால் நரம்புகள் உணர்விழந்த பாதத்தில் முள் தைத்தாலும், செருப்பின் ஆணி அழுத்தினாலும், வெந்நீர் சுட்டாலும் வலி தெரிவதில்லை. வலி இல்லாத புண்ணை நோயாளி பொருட்படுத்துவதில்லை. மூடிய பாதத்தை மருத்துவரும் காண்பதில்லை. இருவரும் காணாத புண் எலும்புவரை இறங்கி, விரலையோ காலையோ அகற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுசெல்லக்கூடும். மரியாதையின் பொருட்டு மறைக்கப்பட்ட பாதம், அந்த மரியாதைக்கு மிகப் பெரிய விலையைக் கொடுக்க நேரிடுகிறது.

மருத்துவமனையில் தலைமை என்பது யாருடையது, அது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வியை இந்தப் பாதத்திலிருந்தே தொடங்கலாம் என்று கருதுகிறேன். கிறிஸ்தவ மரபும் அதே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மேசையிலிருந்து எழுந்தவர்

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம், இயேசு கிறிஸ்து தம் சீடர்களோடு அருந்திய கடைசி இரவு உணவைப் பற்றிக் கூறுகிறது. புழுதி படிந்த சாலைகளில் மிதியடி அணிந்து நடந்த அந்தக் காலத்தில், வீட்டுக்கு வருவோரின் கால்களைக் கழுவுவது வேலையாட்களின் பணி. அவர்களிலும் கடைநிலையில் இருந்தவர்களின் பணி. அன்றிரவு இயேசு உணவு மேசையைவிட்டு எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, ஒரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் நீர் வார்த்துச் சீடர்களின் கால்களைக் கழுவித் துடைத்தார். தம்மைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசும் அப்போது அங்கேதான் இருந்தார். அவருடைய கால்களை மட்டும் தாண்டிச் சென்றதாக நற்செய்தி கூறவில்லை.

பேதுரு மறுத்தார். தம் போதகர் தம் காலைத் தொடுவதை அவரால் ஏற்க முடியவில்லை. நம் வெளிநோயாளர் பிரிவில் கேட்கும் அதே தயக்கம், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பும் கேட்டிருக்கிறது. கழுவ இடம் கொடாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்ற பொருளில் இயேசு பதிலளித்தவுடன், பேதுரு மறுகோடிக்குச் சென்றார். அப்படியானால் கைகளையும் தலையையும் சேர்த்துக் கழுவ வேண்டும் என்றார். குளித்தவனுக்குக் கால்களைக் கழுவினால் போதும் என்பது அதற்குக் கிடைத்த மறுமொழி.

இந்தச் சிறிய உரையாடலில் மருத்துவர்கள் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பணிவிடை செய்பவர், கேட்டதையெல்லாம் கொடுப்பவர் ஆகார். காலைத் தொட வேண்டாம் என்ற மறுப்புக்கும் அவர் இணங்கவில்லை. முழு உடலையும் கழுவுங்கள் என்ற மிகையான வேண்டுகோளுக்கும் இணங்கவில்லை. எது தேவையோ அதைச் செய்தார். சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வேண்டும் என்று வற்புறுத்துபவரிடமும், தேவையின்றி ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்பவரிடமும், காரணத்தைப் பொறுமையாக விளக்கி மறுக்கும் மருத்துவர் பணிவிடையையே செய்கிறார். குனிவதனால் அறிவின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. கால்களைக் கழுவி முடித்து மீண்டும் அமர்ந்த இயேசு, தாம் போதகர் அல்லர் என்று கூறவில்லை. நீங்கள் என்னைப் போதகர் என்று அழைப்பது சரியே என்று ஏற்றுக்கொண்ட பிறகே, ஒருவர் காலை ஒருவர் கழுவுங்கள் என்று கற்பித்தார்.

சொல் புதிது, பொருள் பழையது

இன்று மேலாண்மைக் கல்வியில் "பணிவிடைத் தலைமை" என்ற கருத்து பரவலாகப் பேசப்படுகிறது. ஏ.டி. அண்ட் டி என்னும் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ராபர்ட் கிரீன்லீஃப், 1970இல் எழுதிய கட்டுரையின் மூலம் அச்சொல்லைப் பரவச் செய்தார். இத்தகைய தலைமையை எடைபோட அவர் தந்த உரைகல் எளிமையானது: பணிவிடை பெற்றவர்கள் வளர்கிறார்களா? முன்னிலும் நலமும் அறிவும் சுதந்திரமும் உள்ளவர்களாகின்றனரா? அவர்களும் பிறருக்குப் பணிவிடை செய்யும் மனத்தைப் பெறுகின்றனரா? சமுதாயத்தில் மிகவும் நலிந்தவர்களுக்கு என்ன நேர்கிறது?

இந்த உரைகல்லைக் கவனியுங்கள். தலைவர் எவ்வளவு பணிவாகப் பேசுகிறார், எவ்வளவு எளிமையாக உடுத்துகிறார் என்று அது கேட்கவில்லை. பணிவிடை பெற்றவருக்கு என்ன ஆயிற்று என்றே கேட்கிறது. மருத்துவமனைக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் வேறில்லை என்பது என் கருத்து. இதை விளக்கும் சான்றுகளைத் தேடி நாம் அயல்நாடு செல்ல வேண்டியதும் இல்லை.

வேலூரில் விளைந்தது

1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். அமெரிக்க மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த அவருக்கு, மிஷனரியாகும் எண்ணம் இளமையில் இல்லை. நோயுற்ற தாயாருக்குத் துணையாகத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள், தனித்தனியே, பிரசவத்தில் தவிக்கும் தத்தம் மனைவியைக் காப்பாற்ற அழைத்தனர். ஆண் மருத்துவராகிய தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா கூறியும், அக்கால வழக்கத்தின்படி மூவரும் அதற்கு உடன்படவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே அவரை மருத்துவம் படிக்கச் செய்தது. 1899இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார்.

இதுவரை சொன்னது பலரும் அறிந்த வரலாறு. பணிவிடைத் தலைமையின் அடையாளத்தை நான் காண்பது அதற்குப் பிந்தைய நிகழ்ச்சிகளில். தாம் ஒருவரே எத்தனை பெண்களுக்கு மருத்துவம் பார்த்துவிட முடியும் என்ற கேள்விக்கு, இந்தப் பெண்களையே மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் ஆக்குவதை ஐடா விடையாகக் கண்டார். 1909இல் செவிலியர் பயிற்சியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கின. தம்மிடமிருந்த திறமையைத் தம்மோடு நிறுத்திக்கொண்டு, ஊர் முழுதும் தம்மையே நம்பியிருக்கும்படி அவர் செய்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், தாம் இல்லாத நாளிலும் பணி நடக்கும்படி பிறரை நிமிர்த்தி விட்டார். 1960இல் அவர் மறைந்தபோது, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக அது வளர்ந்து நின்றது.

அதே வேலூருக்கு 1946இல் வந்தவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914இல் பிறந்த இந்த அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையின் மூலம் நீட்டி இயங்கச் செய்தார். அக்காலத்தில் தொழுநோய் வந்தால் விரல்கள் தாமே அழுகி உதிர்ந்துவிடும் என்று மருத்துவர்களும் நம்பியிருந்தனர். பிராண்ட் நோயாளிகளோடு இருந்து, அவர்கள் நாள் முழுவதும் கைகால்களை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று உற்று நோக்கினார். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் பற்றுவது, திறக்க மறுக்கும் பூட்டை அளவு மீறிய விசையோடு திருகுவது, உறக்கத்தில் எலி கடித்தும் விழிக்காமல் இருப்பது என்று காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. விரல்களை அழித்தது வலியின்மை. இதை ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருந்து அவர் கண்டறிந்திருக்க முடியாது.

அவருக்கு நோயாளிகளே கற்பித்த மற்றொரு பாடமும் உண்டு. கை சீரானவர்கள் ஊருக்குத் திரும்பியபோது, அவர்களை வேலைக்கு அழைக்க எவரும் முன்வரவில்லை. ஊனமற்ற கையோடு பிச்சை கேட்டால் அதுவும் கிடைக்கவில்லை. அறுவை வெற்றி பெற்றது, வாழ்க்கை தோற்றது. எனவே மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் அமைந்தது. அங்கே நோயாளிகள் கிராமத்துக் குடில்களைப் போன்ற வீடுகளில் தங்கித் தச்சுவேலை கற்றனர். உணர்விழந்த பாதங்களுக்காக மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பரில் செருப்புகளும் உருவாக்கப்பட்டன. கைதேர்ந்த அறுவை மருத்துவர் ஒருவர், செருப்புத் தைப்பவரோடு அமர்ந்து, அடித்தோலின் தடிப்பைப் பற்றி ஆலோசித்துக்கொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிறகு, வேலூரில் கற்றதை நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் அவர் பயன்படுத்தினார். நம் நோயாளிகள் பலர் இன்று அணியும் "எம்.சி.ஆர். செருப்பு" அந்தப் பணியின் தொடர்ச்சியே.

கிரீன்லீஃப் கேட்ட மூன்றாவது கேள்விக்கு, அதாவது பணிவிடை பெற்றவர்கள் பணிவிடை செய்பவர்கள் ஆகின்றனரா என்பதற்கு, மேரி வர்கீஸின் வாழ்க்கை விடையளிக்கிறது. வேலூரில் இளம் மருத்துவராக இருந்த அவர், 1954இல் நிகழ்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். பின்னர் மறுவாழ்வு மருத்துவத்தில் நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறையை வழிநடத்தினார். 1966இல் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் அங்கே எழுந்தது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தண்டுவடம் சிதைந்த நோயாளி ஒருவர், தம்மைப் போலவே சக்கர நாற்காலியில் வரும் மருத்துவரைக் கண்டபோது அடைந்திருக்கக்கூடிய நம்பிக்கையை எந்த மருந்தால் தந்திருக்க முடியும்?

ஓர் எச்சரிக்கை

"சேவை" என்னும் சொல்லைப் பற்றி மனந்திறந்து ஒன்று கூற வேண்டும். மருத்துவ உலகில் அச்சொல் அடிக்கடி கீழ்நோக்கியே ஏவப்படுகிறது. இரவுப் பணியில் அளவுக்கு மீறிய நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியரிடமும், குறைந்த ஊதியத்தில் கழிவறை கழுவும் பணியாளரிடமும், "இது வேலை அன்று, சேவை" என்று கூறுவது எளிது. மேலே இருப்பவர் தம் வசதியைக் குறைத்துக்கொள்ளாமல், கீழே இருப்பவரிடம் மட்டும் தியாகத்தைக் கேட்டால் அதற்குப் பணிவிடைத் தலைமை என்று பெயரில்லை. நற்செய்தியில் துண்டைக் கட்டிக்கொண்டு எழுந்தவர், அந்த மேசையின் தலைவர். பாத்திரத்தையும் துண்டையும் இளைய சீடர் ஒருவரின் கையில் கொடுத்து, பணிவின் மேன்மையைப் பற்றி உரையாற்றிவிட்டு அவர் அமர்ந்துகொள்ளவில்லை.

மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் இருக்கை கேட்டனர். மற்றப் பத்துப் பேரும் சினமுற்றனர். ஆள்பவர்கள் மக்கள்மேல் அதிகாரம் செலுத்துவதுபோல் உங்களுக்குள் இருக்கக்கூடாது என்பதே அனைவருக்கும் பொதுவாகக் கிடைத்த அறிவுரை. மருத்துவமனையிலும் இருக்கைப் போட்டி உண்டு. வார்டு சுற்றில் மூத்த மருத்துவர் பேசும்போது, நோயாளியின் மூச்சில் மாற்றத்தைக் கண்ட இளம் செவிலியர் வாய் திறக்க அஞ்சினால், அந்த அச்சத்தின் விலையை நோயாளியே கொடுக்கிறார். தனக்குக் கீழே பணிபுரிபவர் தயங்காமல் "டாக்டர், இதை ஒருமுறை பாருங்கள்" என்று சொல்லும் சூழலை உருவாக்குவதே மூத்த மருத்துவரின் முதற்பணிவிடை.

நோயாளியிடம் ஒரு வேண்டுகோள்

"டாக்டர், நீங்கள்தான் எங்களுக்குத் தெய்வம்" என்று கூறும் அன்பர்களின் உள்ளத்தை மதிக்கிறேன். ஆயினும் அந்த இருக்கை எங்களுக்கு வேண்டாம். தெய்வத்திடம் எவரும் ஐயம் கேட்பதில்லை. மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். இந்த மாத்திரை எதற்கு? எத்தனை நாள்? விட்டுவிட்டால் என்ன ஆகும்? விலை குறைந்த மாற்று உண்டா? இவற்றைக் கேட்பது அவமரியாதை ஆகாது. மாத்திரையை இடையில் நிறுத்திவிட்டேன், நாட்டு மருந்து சாப்பிடுகிறேன், ஊசிக்குப் பணமில்லை என்று உண்மையைச் சொல்லும் நோயாளியே எங்களுக்கு உற்ற துணை.

நீரிழிவு உள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் பாதங்களைக் காட்ட வேண்டும். உணர்வு குறைந்தவர்கள் இன்னும் அடிக்கடி காட்ட வேண்டும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனைக்கு வலியும் இல்லை, நேரமும் அதிகம் ஆகாது. மருத்துவர் மறந்தால் நீங்களே செருப்பைக் கழற்றிவிட்டு, "என் காலையும் பாருங்கள்" என்று கேளுங்கள். வீட்டில் நாள்தோறும் விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பாருங்கள். குனிய இயலாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம். கழுவும் நீரின் சூட்டை முழங்கையால் அறிந்துகொள்ளுங்கள். விரலிடுக்கு ஈரத்தை ஒற்றி எடுங்கள். கால் ஆணியை பிளேடால் நீங்களே செதுக்காதீர்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கோவிலின் வெயிலேறிய கருங்கல் தளத்திலோ, வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் தார்ச்சாலையிலோ உணர்விழந்த பாதம் வெந்தாலும் தெரியாது. ஆகவே நேர்த்திக்கடன் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கலந்து பேசுங்கள்.

வீட்டிலுள்ள தலைவர்களுக்கு

நோயாளியைப் பராமரிக்கும் மகளும் மருமகளும் மகனும் கணவனும் மனைவியும், தம்மைத் தலைவர்கள் என்று எண்ணுவதில்லை. ஆனால் நோயாளி எப்போது உண்பது, எதை உண்பது, எப்போது மருத்துவமனைக்குச் செல்வது என்று முடிவு செய்பவர்கள் அவர்களே. அந்த அதிகாரத்தை அவர்கள் பயன்படுத்தும் முறையில்தான் நோயாளியின் நலம் பெரிதும் அடங்கியிருக்கிறது.

பக்கவாதத்தில் விழுந்த தந்தைக்கு உணவை ஊட்டிவிடுவது அன்பே. அவருடைய கை தேறத் தொடங்கிய பின்னும் கரண்டியை அவரிடம் கொடாமல் நாமே ஊட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கைக்குப் பயிற்சி எங்கிருந்து வரும்? பாதிச் சோறு சிந்தினாலும், அரை மணி நேரம் ஆனாலும், அவரே உண்ணும்வரை அருகில் காத்திருப்பது ஊட்டிவிடுவதைவிடக் கடினமான பணிவிடை. அதேபோல், மருத்துவர் நோயாளியிடம் கேட்கும் கேள்விக்கு அவரே பதில் சொல்ல இடம் கொடுங்கள். அவர் நோயுற்றிருக்கிறார், வீட்டில் தம் இடத்தை இழந்துவிடவில்லை.

பராமரிப்போர் மறந்துவிடும் மற்றொன்றும் உண்டு. யோவான் நற்செய்தியில் கால் கழுவும் நிகழ்ச்சிக்கு முந்தைய அதிகாரத்தைப் பாருங்கள். பெத்தானியாவில் மரியாள் என்ற பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசித் தம் கூந்தலால் துடைத்தார். அதை வீண் செலவு என்று குறை கூறியவரை இயேசு தடுத்தார். அந்தப் பணிவிடையை மனமுவந்து ஏற்றார். பிறர் பாதங்களைக் கழுவியவர், அதற்குச் சில நாட்களுக்கு முன் தம் பாதங்களைப் பிறர் கவனிக்க இடம் கொடுத்திருந்தார். அண்டை வீட்டார் ஒரு வேளை உணவு கொண்டுவந்தால் மறுக்காதீர்கள். "இன்றிரவு நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உறங்கு" என்று தங்கை சொன்னால் உறங்குங்கள். உங்கள் இரத்த அழுத்தத்தையும் ஒருநாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கு நான் எடுத்துக்காட்டியவை கிறிஸ்தவ மரபிலிருந்து வந்தவை; நான் வளர்ந்த மரபு அது. இம்மருத்துவமனைக்குப் பல சமயத்தாரும் வருகின்றனர். பிறர் துயர் துடைப்பதை உயர்வாகப் போற்றாத மரபு எதுவும் அவர்களிடையே இல்லை. ஆகவே எங்களை மதிப்பிட உங்கள் அனைவருக்கும் பொதுவான ஓர் அளவுகோலைத் தருகிறேன். மருத்துவமனையைவிட்டுப் புறப்படும் நாளில், உங்கள் நோயின் பெயரும் மருந்தின் பயனும் உங்களுக்குத் தெரிகின்றனவா? எந்த அறிகுறி தோன்றினால் உடனே திரும்பி வரவேண்டும் என்று தெரியுமா? வந்தபோது இருந்ததைவிட எங்கள் துணை குறைவாகத் தேவைப்படுகிறதா? ஆம் எனில், நாங்கள் எங்கள் பணியைச் செய்திருக்கிறோம். இல்லை எனில், சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அமைதியாகப் போய்விடாதீர்கள். மீண்டும் அமர்ந்து கேளுங்கள். விடை சொல்வது எங்கள் கடமை.